ஓடை மணலில் கூடாரம்

ஓடைப் புறம்போக்கில் மனிதர் தங்கும்படியான எந்த அமைப்பையும், தற்காலிகமானதாக இருந்தாலும், ஏற்படுத்தக் கூடாது. ஏற்படுத்தியிருப்பது தெரியவந்தால் கிராம நிர்வாக அலுவலர் தாமதமின்றி மேலே அறிக்கை அனுப்ப வேண்டும். மேலே இருப்பவர் நேரில் பார்வையிட்டு, அறிவிப்புக் கொடுத்து, அகற்ற வேண்டும். விதியின் சாரம் இவ்வளவுதான். வருவாய்த் துறையில் எழுத்தராக நுழைந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்தவன் என்பதால் இதைத் தூக்கத்திலும் என்னால் சொல்ல முடியும். சொல்லியும் இருப்பதாக என் மனைவி சாட்சி சொல்வாள்.

'தெரியவந்தால்' என்று விதி சொல்கிறது. தெரியாமல் இருப்பதற்கு ஓர் அலுவலகம் எவ்வளவு பாடுபடும் என்பதை உள்ளே இருந்து பார்த்தவன் நான்.

மேலகரத்தில் எங்கள் வீடு. இரண்டு அறை, ஒரு குளியலறை. தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற யாரும் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், சாரல் விழத் தொடங்கியதும் எங்களுக்கு இருக்கும் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் எங்களை நினைத்துக்கொள்வார்கள். மனைவியின் அக்காள் மகள் மட்டும் விதிவிலக்கு. வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிற பெண். மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியர். இந்தமுறை அவளும் கணவனும் குழந்தையும் மாமியாரும் மட்டுமல்ல, கணவனுடைய அலுவலகத்தார் இன்னும் சில குடும்பங்களும் சேர்ந்து வருவதாக இருந்தது. சீசன் நேரத்தில் குற்றாலத்து லாட்ஜுகள் கேட்கிற வாடகைக்கு மதுரையில் ஒரு மாதம் குடியிருக்கலாம். ஆகவே கூடாரத்தில் தங்கப் போவதாகச் சொன்னாள்.

"சித்தப்பா, தென்னந்தோப்புல கூடாரம் போட்டுக் குடுக்காங்களாம். லாட்ஜுல கால்வாசிதான் ஆகும். நீங்க ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள்.

போய்ப் பார்த்தேன். அருவிச் சாலையிலிருந்து பிரியும் ஒரு மண் பாதையின் முடிவில் இருந்தது தோப்பு. நடத்துகிறவர் தென்காசிக்காரர். வளைகுடாவில், பாலைவனத்தில் கூடாரம் அடித்து வெளிநாட்டுப் பயணிகளைத் தங்கவைக்கும் ஒரு கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, அங்கே சேர்த்ததையெல்லாம் இங்கே கூடாரத்தில் போட்டவர். நல்ல மனிதர். நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் இளநீர் வெட்டச் சொல்லிவிட்டார். தோப்பில் கழிப்பறை சுத்தமாக இருந்தது, விளக்கு இருந்தது, நாய்கள் சாதுவாக இருந்தன. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் எனக்குச் சங்கடமாகவே இருந்தது.

பிறகு தோப்பின் சரிவுக்குக் கீழே பார்த்தேன். வெள்ளை மணல் விரிந்து கிடந்தது. அதன் ஓரத்தில் கணுக்கால் நனையாத அளவுக்கு ஓடைத் தண்ணீர் ஓடியது. மணல் முழுக்க நீலமும் ஆரஞ்சுமாகக் கூடாரங்கள். ஓடைப் புறம்போக்கு தொடங்கும் இடத்தைக் காட்ட நில அளவைத் துறை நட்ட கல்லிலேயே ஒரு கூடாரத்தின் கயிற்றைக் கட்டியிருந்தார்கள்.

"இது யாரு எடம்?" என்று கேட்டேன்.

"ஆத்து எடம் அண்ணாச்சி. ஆருக்கும் சொந்தமில்ல. அதனால ஆரும் கேக்க மாட்டாவ."

"நான் கேக்கேன்லா."

சிரித்தார். "நீங்க கேளுங்க அண்ணாச்சி, உங்களுக்கு இல்லாத உரிமையா? தோப்பவிட மணலுக்குத்தான் கிராக்கி. முளை நல்லா எறங்கும். முதுகுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். நான் அங்கன பாத்த தொழிலே மணலுலதான்."

"இந்த மணல் இங்கன எப்படி வந்துச்சு?"

கேள்வி அவருக்குப் புரியவில்லை. "எப்பமும் இங்கனதான் கெடக்கு" என்றார்.

அப்போது அவருடைய கைபேசி அடித்தது. பேசியவர் அவருடைய மச்சான் என்றும், பேரருவிக்குப் பக்கத்தில் பழக்கடை போட்டிருப்பவர் என்றும் பிறகு தெரிந்தது. "போட்டாச்சா? சரி மச்சான்" என்று வைத்தவர், சமையல் கொட்டகையைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, அருவியில தடை போட்டாச்சு! அடுப்பப் பத்த வை, பரோட்டா மாவ எடு! எல்லாரும் பசியோட வருவாவ!"

அருவியில் தண்ணீர் கூடினால் போலீசார் விசில் ஊதிக் குளிக்கிறவர்களை வெளியேற்றிவிடுவார்கள். குளிக்க முடியாதவர்கள் திரும்பி வருவார்கள். வந்ததும் சாப்பாடு கேட்பார்கள். ஆகவே பழக்கடையிலிருந்து தகவல், தகவல் வந்ததும் அடுப்பு. இந்த ஏற்பாட்டைப் பெருமையாகவே சொன்னார். நான் இளநீரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓடையைப் பார்த்தேன். பேரருவித் தண்ணீர் இந்த ஓடைக்கு வருவதில்லை. ஆனால் இரண்டுக்கும் மலை ஒன்று, மழையும் ஒன்று. வெள்ளம் வருகிறது என்று அந்த இடத்துக்குக் கிடைக்கக்கூடிய ஒரே முன்னறிவிப்பு வந்துகொண்டுதான் இருந்தது. அதைப் பரோட்டாவுக்கு என்று வைத்துக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஓடையில் தண்ணீர் கொஞ்சம் கூடியது, பிறகு வடிந்தது. ஒன்றும் ஆகவில்லை.

அக்காள் மகளிடம், தோப்புக்குள் என்றால் வா, மணலில் என்றால் வராதே என்று சொன்னேன். தோப்பில்தான் என்று சத்தியம் செய்தாள். மறுநாளே மனு ஒன்று தயாரித்தேன். புல எண், கல் இருக்கும் இடம், கூடாரங்களின் நிலை, ஓடையின் கீழ்ப்பக்கம் உள்ள குடியிருப்பு, மீறப்படும் விதி, செய்ய வேண்டிய நடவடிக்கை, எல்லாம் உரிய வரிசையில். நான் பணியில் இருந்தபோது இப்படி ஒரு மனு வந்திருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பேன். அதை ஓர் அலுவலகத்தில் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. எல்லா அலுவலகங்களும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளட்டும். மனு பெறப்பட்டது என்று கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது. மனைவியிடம் காட்டினேன்.

"குடுத்துட்டியளா? இனி தண்ணி பயந்துரும்" என்றாள்.

அக்காள் மகளும் மற்றவர்களும் வந்து சேர்ந்த அன்று தோப்பில் இடமில்லை. யாரோ ஒரு கூட்டம் கூடுதலாக ஒரு நாள் தங்கிவிட்டது. "மணல்ல போட்டுத் தாரேன், அதே வாடகைதான், ஆத்தோரம் குளுகுளுன்னு இருக்கும்" என்று நடத்துகிறவர் சொல்ல, மதுரைக்காரர்கள் மகிழ்ச்சியில் குதித்திருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மறுநாள் மதியம் மனைவி கூட்டாஞ்சோறு ஆக்கி, தூக்குவாளியில் நிறைத்து, "புள்ளைக்குக் குடுத்துட்டு வாங்க. அங்கன போயிச் சட்டம் பேசாதிய" என்று அனுப்பினாள். அவளுக்கு முழங்கால் வலி, வரவில்லை.

மேலகரத்தில் சுள்ளென்று வெயில். ஆட்டோவில் ஏறினேன். காசிமேஜர்புரம் தாண்டியதும் ஓட்டுநர் முன்னால் கையைக் காட்டினார்.

"மலையவே காணல, பாத்தியளா?"

உண்மைதான். மலை இருக்க வேண்டிய இடத்தில் கருஞ்சாம்பலாக ஒரு சுவர் நின்றது. எங்கள் பக்கம் ஒரு தூறல் இல்லை. காற்றும் நின்றுபோயிருந்தது. சீசனில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று நிற்பது எனக்கு எப்போதும் பிடிப்பதில்லை.

தோப்பில் அவர்களைத் தேடினேன். இல்லை. கீழே பார்த்தேன். அளவைக் கல்லில் கயிறு கட்டிய அதே கூடாரத்தின் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஓடையில் காலை நனைத்தபடி அவளுடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். குழந்தை மணலில் கோபுரம் கட்டிக்கொண்டிருந்தது.

"வாங்க மாமா!" என்றான் கணவன். "லாட்ஜுல ரூம் போட்டிருந்தா ஜன்னலைத் திறந்தா அடுத்த லாட்ஜு செவுருதான் தெரியும். இங்கிட்டுப் பாருங்க!"

"இது ஓடைப் புறம்போக்கு. மேல வாங்க, தோப்புல உக்காந்து சாப்பிடலாம்."

"ஆரம்பிச்சுட்டாரு" என்று அக்காள் மகள் சிரித்தாள். "சித்தப்பா, ஓடையும் உங்க டிப்பார்ட்மெண்டா?"

அவர்களோடு வந்தவர்களும் சிரித்தார்கள். நானும் தூக்குவாளியை மணலில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். வேறென்ன செய்வது? அப்போதுதான் மேலே கைபேசி அடித்தது. "தடை போட்டாச்சு! அடுப்பப் பத்த வைலே!" என்ற குரல் சரிவில் இறங்கி வந்தது.

சற்று நேரத்தில் அருவிக்குப் போயிருந்தவர்கள் திரும்பத் தொடங்கினார்கள். ஈரத் தலை, தோளில் துண்டு, முகத்தில் ஏமாற்றம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க முடியாமல் வந்த ஒருவர் வெயிலில் மினுங்கினார். ஆட்டோ ஆட்டோவாக வந்து, தோப்பைக் கடந்து, நேராக மணலுக்கு இறங்கினார்கள். ஆபத்தான இடத்திலிருந்து மக்களை அப்புறப்படுத்த வேண்டும் என்ற விதி பேரருவியில் ஒழுங்காக நிறைவேறியிருந்தது. அப்புறப்படுத்தப்பட்டவர்கள் எல்லாரும் இங்கே வந்து ஓடைக்குள் துண்டை உலர்த்திக்கொண்டிருந்தார்கள்.

வீரகேரளம்புதூர்ப் பக்கம் வேலை பார்த்த காலத்தில் வெள்ளச் சேத விசாரணைக்குப் போய் வாக்குமூலம் எழுதியிருக்கிறேன். ஆடு போனவர்கள், வைக்கோல் படப்பு போனவர்கள், ஒருமுறை தம்பியைப் பறிகொடுத்த ஒருவர். எல்லாரும் ஒரே மாதிரித்தான் தொடங்குவார்கள். "மொதல்ல சருகு வந்துச்சுய்யா. பொறவுதான் தண்ணி." எழுதி எழுதிக் கை அதைத் தானாக எழுதும் அளவுக்கு ஆகியிருந்தது. என் கண்ணால் பார்த்ததில்லை.

நாற்காலியில் இருந்த மாமியார் அம்மாளின் கால் மேல் ஒரு சருகு ஒட்டியது. அவர் குனிந்து எடுத்துப் போட்டார். இன்னொன்று வந்தது. பிறகு சுள்ளிகள், ஒரு தென்னம்பாளை, நுரை. தெளிந்த தண்ணீரின் நடுவில் ஒரு கோடு காப்பி நிறத்தில் இறங்கியது. குழந்தை அதைக் கையில் பிடிக்கப் பார்த்தது.

நான் எழுந்து நின்று, "வெள்ளம் வருது! எல்லாரும் மேல ஏறுங்க!" என்று கத்தினேன்.

நடந்தது இதுதான். அங்கிருந்தவர்களில் பாதிப் பேர் கைபேசியை எடுத்துக்கொண்டு தண்ணீருக்கு இன்னும் அருகில் போனார்கள். "எங்க சார், எங்க?" என்று ஒருவர் கேட்டார். எண்ணெய்க்காரர், "நல்லதாப் போச்சு, குளிக்கலாம்" என்றார். மழை இல்லை, வெயில் அடிக்கிறது, அடுப்பில் பரோட்டா போடுகிற ஓசை கேட்கிறது. அந்த நேரத்தில் வெள்ளம் என்று ஒரு கிழவன் சொன்னால் யார் நம்புவது?

உண்மையைச் சொல்லிப் பயனில்லை என்று தெரிந்ததும் எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். அலுவலகத்தில் வைத்திருந்த குரலை எடுத்தேன்.

"செக்கிங்! தாசில்தார் வாராரு! எல்லாரும் ஆதார் கார்டை எடுத்துக்கிட்டு ஒடனே மேல தோப்புல வரிசையா நில்லுங்க! கார்டு காட்டாதவங்க ஸ்டேஷனுக்குப் போகணும்!"

மணலில் இருந்த கூட்டம் மொத்தமும் கிளம்பியது. என் பணிக்காலம் முழுவதிலும் என் சொல்லுக்கு அப்படி ஒரு மரியாதை கிடைத்ததில்லை. பையைத் திறக்கிறவர்கள், பிள்ளையைத் தூக்குகிறவர்கள், "உன் கார்டு எங்கடீ?" என்று மனைவியை அதட்டுகிறவர்கள். எண்ணெய்க்காரர் துண்டோடு முதல் ஆளாக ஏறினார். மேலே நடத்துகிறவரின் குரல் பதறியது. "ஏலே, வீட்டுச் சிலிண்டர ஒளிச்சு வைலே! தாசில்தாராம்லே!" அக்காள் மகளும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். என்னைப் பார்த்த பார்வையில், சொந்தக்காரரே காட்டிக்கொடுத்துவிட்டாரே என்ற கோபம் இருந்தது.

தண்ணீர் நாற்காலியின் கால்களைச் சுற்றிக்கொண்டது. நாற்காலி காலியாக இருந்தது. நல்லது என்று நினைத்து நானும் ஏறினேன். ஏறி முடித்ததும் அக்காள் மகள் கேட்டாள்.

"சித்தப்பா, அத்தை எங்க?"

என் பொய்யில் ஓர் ஓட்டை இருந்தது. நான் அதை யோசிக்கவில்லை. கார்டு இருப்பவர்கள் மேலே வருவார்கள். இல்லாதவர்கள் ஒளிந்துகொள்வார்கள்.

சரிவில் திரும்ப இறங்கினேன். அவர்களுடைய கூடாரத்தின் ஜிப் கழுத்துவரை இழுத்து மூடியிருந்தது. கால்மாட்டில் தண்ணீர் தொட்டுவிட்டிருந்தது.

"அம்மா, வெளிய வாங்க!"

"யாரு?"

"நான்தான்."

உள்ளிருந்து தாழ்ந்த குரல். "கார்டு மதுரையில பீரோவுல இருக்குண்ணே. நான் இங்கிட்டே இருந்துக்கிறேன். ஆளு இல்லைன்னு சொல்லிருங்க."

"செக்கிங்கெல்லாம் இல்லம்மா! பொய் சொன்னேன். தண்ணி வருது!"

"நீங்க கவர்மெண்டு ஆளு. இப்படித்தான் சொல்லிக் கூப்புடுவீக."

ஜிப்பை இழுத்தேன். மணல் புகுந்து பாதியில் நின்றுவிட்டது. என் முழங்கால் வரை தண்ணீர். அதில் குளிர்ச்சியைவிட இழுப்பு அதிகம் இருந்தது. எங்கிருந்தோ உருளுகிற பாறைகளின் சத்தம், லாரி ஒன்று மேட்டில் திணறுவது போல, நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அக்காள் மகளின் கணவன் ஓடிவந்து "அம்மா! அம்மா!" என்று துணியைப் பிடித்து இழுத்தான். அது நல்ல துணி. கிழியவில்லை. அவனுக்குப் பின்னால் கூடாரக்காரர் இளநீர் வெட்டும் அரிவாளோடு இறங்கினார். ஒரு கணம் தன் கூடாரத்தைப் பார்த்தார். பிறகு "தள்ளுங்க அண்ணாச்சி" என்று மேலிருந்து கீழாக ஒரே வெட்டாகக் கிழித்தார். உள்ளே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அந்த அம்மாள் தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேருமாகத் தூக்கினோம். அளவைக் கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நான் கரையேறினேன். அரசாங்கம் நட்ட கல், ஆழமாக நட்டிருந்தார்கள்.

நாங்கள் மேலே வந்து திரும்பிப் பார்த்தபோது மணல் இல்லை. ஓடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கூடாரங்கள் ஒவ்வொன்றாக முளையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கிளம்பின. ஜிப் மூடியிருந்தவை காற்றடைத்து உப்பி, உள்ளே ஆள் இருப்பது போலவே அசைந்து அசைந்து போயின. அவரவர் தம் ஆட்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தூக்குவாளியும் போயிற்று. வெயில் அப்போதும் அடித்துக்கொண்டிருந்தது.

வரிசையில் நின்றிருந்த ஒருவர், கையில் ஆதார் கார்டோடு என்னிடம் வந்தார்.

"சார், செக்கிங் உண்டா இல்லையா?"

இல்லை என்றேன். "அப்பச் சொல்லிர வேண்டியதுதானே சார்" என்று கார்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

அன்று மதுரைக்காரர்கள் எல்லாரும் எங்கள் வீட்டின் இரண்டு அறையில் படுத்தார்கள். மனைவி ஒன்றும் கேலி பேசவில்லை. சோறு பரிமாறும்போது என் தட்டில் மட்டும் இரண்டு அப்பளம் கூடுதலாக விழுந்தது. அந்த அம்மாள் மறுநாள் பேருந்து ஏறும்வரை என்னோடு பேசவில்லை. ஏறிய பிறகு ஜன்னல் வழியாக, "அண்ணே, நெசமாவே தாசில்தார் வரலையா?" என்றார்.

ஆவணி, புரட்டாசி, ஐப்பசி போயின. மனுவுக்குப் பதில் இல்லை. நான் நினைவூட்டு ஒன்று, அதற்கும் நினைவூட்டு ஒன்று அனுப்பினேன். ஓடை பழையபடி கணுக்கால் அளவுக்கு இறங்கியது. வெள்ளம் போகும்போது புது மணல் கொண்டுவந்து போட்டிருந்தது. முன்னைவிட வெள்ளையாக, முன்னைவிட மெத்தென்று.

ஐயப்ப பக்தர்கள் வேன் வேனாகக் குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செங்கோட்டை வழியாக மலைக்குப் போகிற காலம் நெருங்கியதும் ஒருநாள் தோப்புக்குப் போனேன். கூடாரக்காரர் கடன் வாங்கிப் புதுக் கூடாரங்கள் வாங்கியிருந்தார். மணலில் முளை அடித்துக்கொண்டிருந்தார்கள். அளவைக் கல்லில் புதுக் கயிறு.

"திரும்பவுமா?" என்றேன்.

"இந்த வருசத்து வெள்ளம்தான் வந்துட்டுப் போயிருச்சே அண்ணாச்சி. இனி ஆடியிலதான்."

"கார்த்திகை மழை?"

"அது லேசா வரும். போட்டதை எடுக்கணும்லா, என்ன செய்யச் சொல்லுதிய? சாமிமாரு லாட்ஜுக்குக் குடுக்க மாட்டாவ." அவர் குரலில் வீம்பு இல்லை. அரிவாளால் தன் கூடாரத்தைக் கிழித்த மனிதர் அவர். அதனால்தான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. "ஆனா அண்ணாச்சி, நீங்க அன்னைக்குத் தாசில்தார்னு ஒரு போடு போட்டிய பாருங்க! போன்ல எடம் கேக்குத சாமிமாருகிட்டல்லாம் சொல்லுதேன். விழுந்து விழுந்து சிரிக்காவ."

எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். இனி அந்த மணலில் நின்று செக்கிங் என்று யார் கத்தினாலும், முதலில் சிரிப்புத்தான் வரும்.

கைபேசி அடித்தது. "போட்டாச்சா? சரி மச்சான்." சமையல் கொட்டகையைப் பார்த்து, "அடுப்பப் பத்த வைலே!"

நான் ஓடையைப் பார்த்தேன். சருகு வரவில்லை. அன்று வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அக்காள் மகளின் கணவன் கைபேசியில் பேசினான். அன்று காலையில் மாலை போட்டுக்கொண்டதாகவும், அலுவலகத்து சாமிகளோடு மலைக்குப் போகும் வழியில் அங்கேயே தங்க ஏற்பாடு செய்திருப்பதாகவும் சொன்னான். "தோப்புலதான் மாமா. கண்டிஷனாச் சொல்லிட்டேன்" என்றான். போன முறையும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

வைத்த கையோடு தபால்காரர் மணி அடித்தார். பழுப்பு உறை. பார்வையில் காணும் மனு தொடர்பாகச் சம்பந்தப்பட்ட இடம் நேரில் தணிக்கை செய்யப்பட்டது என்றும், மனுதாரர் குறிப்பிட்டவாறு அங்கே கூடாரங்கள் ஏதும் காணப்படவில்லை என்றும், எனவே மனு முடித்து வைக்கப்படுகிறது என்றும் எழுதியிருந்தது. தணிக்கை நடந்தது வெள்ளத்துக்கு அடுத்த வாரம். அலுவலர் பொய் சொல்லவில்லை. அன்று அங்கே ஒன்றும் இல்லைதான்.

உறையின் மூலையில், நான் எழுத்தராக இருந்தபோது எழுதிப் பழகிய வழக்கப்படி, கிடைத்த நாளைக் குறித்து வைத்தேன்: கார்த்திகை முதல் தேதி.